எத்தனை கம்பி?

மகளின் சைக்கிள் கடையிலிருந்து வந்துவிட்டது, பின்சக்கரத்துக்கு 650 ரூபாய் ஆனது என்று போனில் அம்மாவிடம் சொன்னேன். அவ்வளவா என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அம்மா கேட்டது வேறு.

"எத்தன கம்பி மாத்துனாங்க?"

எனக்குத் தெரியவில்லை. ரசீதை எடுத்துப் பார்த்தேன். 'பின்சக்கரம் சரிசெய்தல்' என்று ஒரே வரி, எதிரே 650. சனிக்கிழமை காலையில் சைக்கிளை விட்டேன். டோக்கன் கொடுத்தார்கள். ஒரு பையன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சைக்கிளை உள்ளே உருட்டிப்போனான். செவ்வாய்க்கிழமை மாலை செல்போனுக்குச் செய்தி வந்தது. சக்கரத்தையே மாற்றிவிடலாம், 1,850 ஆகும் என்றுதான் முதலில் சொன்னார்கள். இதையே நிமிர்த்திக் கொடுங்கள் என்று நான் கேட்டபோது கல்லாவில் இருந்த இளைஞர் மறுக்கவில்லை. அந்த மூன்று நாளில் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று மட்டும் எனக்குத் தெரியாது.

"கூட நின்னு பாக்கலியா நீ?" என்றாள் அம்மா.

இங்கே அப்படி நிற்க இடமில்லம்மா என்றேன். போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. நின்று பார்த்த சக்கரங்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்து கண்முன் சுற்ற ஆரம்பித்துவிட்டன.

கீரனூர் கடைவீதி முடிகிற இடத்தில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. 'பாய் கடை' என்றால் சுத்துப்பட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்று பக்கம் தகரம், முன்பக்கம் நம்பர் போட்ட பலகைக் கதவு. காலையில் பாய் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைப்பார். வாசலில் வாடகை சைக்கிள்கள், மட்காடில் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதி, வரிசையாக நிற்கும். உள்ளே கூரைக் கழியிலிருந்து பழைய டயர்களும் ரிம்களும் தொங்கும். ஓர் இரும்புச் சட்டியில் பஞ்சர் பார்க்கிற தண்ணீர் எப்போதும் கருப்பாகக் கிடக்கும். சொலூஷன், மண்ணெண்ணெய், வெயிலில் காய்ந்த ரப்பர், இந்த மூன்றும் சேர்ந்த வாசனை அந்தக் கடைக்கு. இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை அடித்தால் நான் நின்றுவிடுகிறேன்.

கூலி விவரம் எனக்கு மனப்பாடம். 1992இல் வாடகை மணிக்கு 1 ரூபாய். பஞ்சர் ஒட்ட ஒன்றரை. வால்டியூப் மாற்ற 25 பைசா. போக்ஸ் கம்பி ஒன்று 50 பைசா. கோட்டம் எடுக்க 5 ரூபாய். மொத்தமாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரஸ் குண்டு மாற்றி, கிரீஸ் வைத்து மாட்டுவதற்குப் பெயர் 'ஓவராயில்'. அதற்கு 40 ரூபாய்.

கேட்பவர்களுக்கு எல்லாம் மலிவாகத் தெரியும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த வருஷம் நாற்று நடப் போனால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி 12 ரூபாய். கோட்டம் எடுக்கிற 5 ரூபாய்க்கு அவள் மத்தியானம் வரைக்கும் சேற்றில் குனிந்திருக்க வேண்டும். இன்றைக்கு நான் கொடுத்த 650 என் அரைநாள் சம்பளம்கூட இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் பாய் கடைதான் எங்களுக்கு விலை கூடிய கடை. பழைய காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் விலையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். என் ஏக்கம் விலையைப் பற்றியது இல்லை. அந்த 5 ரூபாய் எங்கே எப்படிப் போனது என்று எனக்குத் தெரிந்திருந்ததைப் பற்றியது.

அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டது அறிவொளி வந்த நாளில். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு அறிவொளி என்றால் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1991, 92இல் ராத்திரி எட்டு மணிக்கு மேல் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பெண்கள் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குச் சேர்த்துக் கொடுத்தது அந்த இயக்கம். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டையைச் சுற்றி வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். நான் படித்தவற்றில் பெண்கள் ஓட்டிய கதை இருக்கிறது, ஊர்க்காரர்கள் கேலி பேசிய கதை இருக்கிறது. ஓட்டிய சைக்கிள் உடைந்தபோது அவர்கள் எங்கே போனார்கள், எந்தக் காசைக் கொடுத்தார்கள் என்பது அதிகம் இல்லை. அது என் அம்மாவுக்கும் பாய்க்கும் நடுவே நடந்தது. அதற்கு நான் சாட்சி.

முதலில் வாடகை சைக்கிள். சாயங்காலம் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து ஒரு சைக்கிள் எடுப்பார்கள், ஆளுக்குப் பத்து நிமிஷம். பள்ளிக்கூட மைதானத்தில் நாங்கள் பிள்ளைகள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவோம். வயசுப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விழுந்து எழுவதைப் பார்க்க மதில்மேல் ஆம்பளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பாய் அந்தப் பக்கமே வந்ததில்லை. பெண்கள் வருவதற்கு முன்பே சீட்டை இறக்கி, பிரேக்கை இறுக்கி, 3ஆம் நம்பர் சைக்கிளைத் தனியாக எடுத்து வைத்திருப்பார். கொண்டுபோய் விடும்போது கைப்பிடி கோணியிருக்கும், பெடல் வளைந்திருக்கும். கத்துக்கிறப்ப விழுந்ததுக்கு காசு இல்ல என்பது அவர் வைத்திருந்த சட்டம். ஓட்டத் தெரிந்த பிறகு விழுந்தால் காசு.

அம்மா சீட்டு எடுத்து 350 ரூபாய்க்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கினாள். ஹெர்குலிஸ், பார் வைத்த ஆம்பளை சைக்கிள். லேடீஸ் சைக்கிளுக்கு அப்போது மாவட்டம் முழுக்கத் தட்டுப்பாடு. கிடைத்திருந்தாலும் அம்மா வாங்கியிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பாரில் என்னை உட்காரவைக்கலாம், கேரியரில் மூட்டை கட்டலாம், ஹேண்டில்பாரில் தூக்குவாளி மாட்டலாம். அப்பா அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அவருக்கு எழுதிய கடிதத்தில் சைக்கிள் விஷயத்தை அம்மா சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியவள் நான்தான். அம்மாவுக்கு இன்னும் அவ்வளவு எழுத வந்திருக்கவில்லை.

சைக்கிள் வாங்கிய மூன்றாவது மாதம், ஐப்பசி மழை விட்ட ஒரு நாள். கேரியரில் அரை மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு அம்மா ரைஸ்மில்லுக்குக் கிளம்பினாள். பாரில் நான். செம்மண் ரோட்டை மழைத் தண்ணீர் குறுக்கே அறுத்துப் போட்டிருந்தது. முன்சக்கரம் தாண்டியது, பின்சக்கரம் இறங்கியது. படார் படார் என்று இரண்டு சத்தம். மூட்டையின் கனம் ஒரு பக்கமாகச் சாய்க்க, மூன்று பேரும் விழுந்தோம். நெல்லையும் சேர்த்துத்தான் மூன்று பேர்.

எழுந்து சைக்கிளைத் தூக்கினால் பின்சக்கரம் உருளவில்லை. எட்டாகிப்போயிருந்தது. மட்காடிலும் போர்க்கிலும் இடித்துக்கொண்டு நின்றது. வழியில் வந்த மாட்டுவண்டியில் மூட்டையைப் போட்டுவிட்டு, கேரியரைப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கியபடியே அம்மா நடந்தாள். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மைல் இருக்கும். அம்மா அழவில்லை. ஆனால் பேசவும் இல்லை. அப்பத்தா என்ன சொல்வாள் என்று எனக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாதா?

பாய் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். எழுந்து வந்து கேரியரை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளைக்கு அடி கிடி இல்லியே?"

"இல்லண்ணே."

"ஒனக்கு?"

அம்மா பதில் சொல்லவில்லை. முழங்கை சிராய்த்திருந்தது. பாய் குடத்தைக் காட்டினார். அம்மா கை கழுவிவிட்டு வருவதற்குள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்திவிட்டார்.

"என்னாகும்ணே?"

"பாக்காம என்னத்தச் சொல்றது? இரு."

சக்கரத்தைக் கழற்றினார். டயர், டியூப், ரிம் நாடா மூன்றையும் உரித்து எடுத்தார். அம்மணமான சக்கரத்தை மடியில் வைத்து விரலால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுக்கொண்டே போனார். பிறகு சொன்னார்:

"நாலு கம்பி போயிருக்கு தங்கச்சி. ரெண்டு இந்தப் பக்கம். ரெண்டு பல்லுப் பக்கம். பல்லுப் பக்கம்னா பிரீவீலக் கழட்டுனாத்தான் கம்பி ஏறும். அதுக்கு ரெண்டு ரூவா. கம்பி அரரூவா மேனிக்கு ரெண்டு. கோட்டத்துக்கு அஞ்சு. ஒம்போது ரூவா ஆவும். ரிம்மு நிமுந்து குடுத்தா அதோட முடிஞ்சது. குடுக்கலேன்னா புது ரிம்மு போடணும், அது அறுவது எழுவதுக்குப் போயிரும். அப்படி ஆவாதுன்னு நெனக்கிறேன். நிமித்திப் பாப்பம்."

ஒன்பது ரூபாய். அம்மா முந்தியை அவிழ்த்தாள். நாலு ரூபாய்ச் சில்லறை இருந்தது. அது ரைஸ்மில்லில் கொடுக்க வைத்திருந்தது.

"மீதிய அறுப்பு முடிஞ்சு தர்றேண்ணே."

"நான் கேட்டனா?" என்றார் பாய். ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டார், உட்காரச் சொல்லி. அம்மா டின்னில் உட்காராமல் என்னை உட்காரவைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். சக்கரத்துக்கு நேர் எதிரே.

அதற்குப் பிறகு நடந்த இரண்டு மணி நேரத்தை என்னால் நிமிஷம் நிமிஷமாகச் சொல்ல முடியும்.

சக்கரத்தைத் தரையில் படுக்கப் போட்டு, மேடு தட்டியிருந்த இடம் எது என்று பார்த்து, இரண்டு பக்கமும் காலை வைத்து பாய் ஏறி மிதித்தார். பலத்தைக் காட்டி மிதிக்கவில்லை, கனத்தை மெல்ல இறக்கினார். எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மறுபடி ஒரு மிதி. எட்டு அவிழ்ந்து ஒரு மாதிரி வட்டத்துக்கு வந்தது. "ரிம்மு பொழச்சிக்கிருச்சு" என்றார். அம்மா மூச்சு விட்டதை நான் கேட்டேன். அறுபது ரூபாய் அந்த மூச்சில் போனது.

பிரீவீலில் இருந்த பள்ளத்தில் புள்ளி உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினார். உடைந்த கம்பிகளை உருவினார். எல்லாக் கம்பியும் ஒரே இடத்தில்தான் உடைந்திருந்தது, ஹப்பு ஓட்டைக்குள் நுழைந்து வளைகிற இடத்தில். அதற்குப் பெயர் கழுத்து. பின்சக்கரத்துக் கம்பிகள்தான் அதிகம் உடையும், ஆள் கனமும் மூட்டைக் கனமும் மிதிக்கிற இழுப்பும் எல்லாம் அங்கேதான் என்று பாய் வேலையோடு வேலையாகச் சொல்லிக்கொண்டே போனார். அதனால்தான் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40.

நாலு கம்பியையும் உருவிய பிறகு ஐந்தாவதாக ஒன்றின் நிப்பிளில் சாவியை மாட்டினார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டுவிட்டாள்.

"அது நல்லாத்தானண்ணே இருக்கு?"

பாய்க்குக் கோபம் வரும் என்று நான் பயந்தேன். அவர் சக்கரத்தைத் திருப்பி அம்மாவின் பக்கம் நீட்டினார். "நகத்த வச்சுப் பாரு. கழுத்துல." அம்மா நகத்தால் நிரடிப் பார்த்தாள். என் விரலையும் பிடித்து வைத்தாள். மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு நகத்தில் தட்டியது.

"இன்னிக்கு நிக்கும். பத்து நாளு ஓடும். அப்பறம் மூட்டையோட போறப்ப விட்டுரும். மாத்தட்டா, இருக்கட்டுமா? மாத்துனா அரரூவா கூட. நீயே சொல்லு."

அம்மா உடனே சொல்லவில்லை. அரை ரூபாயை யோசித்தாள். அப்பத்தாவுக்கு வெற்றிலை பாக்கு வாங்குகிற காசு அது. பிறகு "மாத்துங்கண்ணே" என்றாள்.

என் அம்மா பணத்தைப் பற்றி ஒரு முடிவைச் சொல்லி, இன்னொருவர் அதற்குச் சரி என்று தலையாட்டியதை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். வீட்டில் அரிசி வாங்குவதும் ஆடு விற்பதும் அப்பத்தா வாயில் இருந்தன. அப்பாவின் மணியார்டர் அப்பத்தா பெயருக்கு வரும். ஒரு கம்பி மாற்றவா வேண்டாமா என்று என் அம்மாவைக் கேட்டது பாய்தான்.

புதுக் கம்பிகள் ஒரு காகிதக் கட்டில் இருந்தன. ஒரு குரோஸ், 144 கம்பி. கட்டின் மேல் லூதியானா என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்ததை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். "அது எங்கண்ணே இருக்கு?" என்று அம்மா கேட்டாள். "பஞ்சாபுல. மூணு நாளு ரயில்ல போவணும். இந்தியாவுல ஓடுற சைக்கிளுக்குப் பாதி சாமான் அங்கேருந்துதான் வருது" என்றார். "ஆனா ஒன் சைக்கிளு நம்ம மெட்ராசு, அம்பத்தூருல செஞ்சது." அதைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய கம்பெனி என்பதெல்லாம் நான் வளர்ந்து படித்துத் தெரிந்துகொண்டது. இப்போது நான் குடியிருப்பதும் அதே அம்பத்தூரில்தான். அம்மாவின் சைக்கிள் பிறந்த ஊரில், கம்பிக் கணக்குத் தெரியாமல் ரசீதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கம்பி ஏற்றுவது நெசவு மாதிரி. ஹப்பிலிருந்து கிளம்புகிற கம்பி மற்ற கம்பிகளுக்கு மேலேயும் கீழேயும் நுழைந்து ரிம்மில் தன் ஓட்டையைத் தேடிப் போக வேண்டும். பாயின் விரல்கள் பார்க்காமலே அதைச் செய்தன. பிறகு கோட்டம். ஒரு மரக்கட்டையில் பழைய முன்போர்க் ஒன்றைத் தலைகீழாக அடித்து வைத்திருந்தார். சக்கரத்தை அதில் மாட்டிச் சுழற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸைக் கை நடுங்காமல் பிடித்தார். கோணி வந்த இடத்தில் மட்டும் சாக்பீஸ் 'சர்க்' என்று உரசி வெள்ளைக் கோடு விழுந்தது. கோடு விழுந்த பக்கத்துக் கம்பியை ஒரு கால் திருகு தளர்த்தி, எதிர்ப் பக்கத்துக் கம்பியை ஒரு கால் திருகு இறுக்கினார். துணியால் கோட்டைத் துடைத்தார். மறுபடி சுழற்றினார். சர்க், சர்க். கோடு சுருங்கியது. துடைத்தார். சுழற்றினார். பிறகு சாக்பீஸை இன்னும் ஒரு நூல் நெருக்கிப் பிடித்தார். கடைசியில் சுற்று முழுக்க சத்தமே இல்லாமல் சக்கரம் ஓடியது. சாக்பீஸுக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம், எந்த இடத்திலும் கூடாமல் குறையாமல் நின்றது. அந்த வெளிச்சத்தைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது.

அதோடு முடியவில்லை. காதைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்து, கம்பிகளை நகத்தால் சுண்டிக்கொண்டே போனார். டிங், டிங், டிங். ஓரிடத்தில் டொங் என்றது. நிறுத்தி அதை ஒரு நூல் இறுக்கினார். எங்களையும் சுண்டிப் பார்க்கச் சொன்னார். "இந்தப் பக்கம் ஒரு சத்தம், பல்லுப் பக்கம் ஒரு சத்தம் வரும். பல்லுப் பக்கம் இறுக்கம் சாஸ்தி, அதனால கீச்சுன்னு வரும். ரெண்டையும் கலந்து பாக்கக் கூடாது. ஒரு பக்கத்துக் கம்பிய அதே பக்கத்துக் கம்பியோடதான் பாக்கணும். ஒரு கம்பி மட்டும் ஊமையா இருந்தா அத விடாத, கொண்டா. கம்பி உடையிறதுக்கு முன்னாடி சத்தத்துலயே சொல்லிரும்."

பாக்கி ஐந்தரை ரூபாயை ஒரு பலகைக் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதினார். அந்தப் பலகை முழுக்க ஊர்க்கணக்கு. பெயர் எழுத மாட்டார், சின்னச் சின்ன அடையாளங்கள் போடுவார். பால்காரருக்குக் கேன், தபால்காரருக்குப் பை. அம்மாவுக்கு அன்றைக்கு ஒரு சிலேட்டு வரைந்தார். அறுப்பு முடிந்து காசு கொடுத்த அன்று அம்மாவையே துடைக்கச் சொன்னார்.

ராத்திரி அறிவொளி வகுப்பு முடிந்து வந்த அம்மா என் ரஃப் நோட்டைக் கேட்டாள். சிம்னி விளக்கடியில் வைத்து எழுதினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

கம்பி 5 – 2.50
பிரிவில் – 2
கோட்டம் – 5

கீழே கோடு போட்டாள். கூட்டினாள். 9.50 என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். சரியாம்மா என்று கேட்கவில்லை. சரி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் பெயரையும் பாடத்தில் வந்த சொற்களையும் தவிர அம்மா தானாக எழுதிய முதல் வரிகள் அவை. அந்த நோட்டு எங்கள் வீட்டு ஓடு மாற்றியபோது பழைய பேப்பரோடு போய்விட்டது. போகவிட்டவள் நான்தான். அப்போது நான் திருச்சியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்கு வந்திருந்தபோது என் கையால்தான் பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டேன். வீட்டில் எதைத் தொலைத்ததற்கும் நான் இவ்வளவு வருந்தியதில்லை.

அந்தச் சக்கரத்தோடு அம்மா பல வருஷம் ஓடினாள். கல் உடைக்கப் போனாள், சந்தைக்குப் போனாள், என்னை டியூஷனில் விட்டாள், அப்பத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து மருமகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த அப்பத்தா அதற்குப் பிறகு சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் காடாகக் கிடக்கிற பூமி. வாரத்துக்கு ஒரு முள். பஞ்சருக்கு டியூபைச் சட்டித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வருகிற இடத்தை நான்தான் முதலில் காட்டுவேன். கோட்டத்துக்கு 5 என்பது 10 ஆயிற்று, பிறகு 20. ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் பாய் காரணம் சொல்வார், கம்பி விலை ஏறியதோ கடை வாடகை ஏறியதோ. அம்மா அதைக் கேட்டுக்கொள்வாள். பேரம் பேசியதாக எனக்கு நினைவில்லை. எந்தக் கம்பி, ஏன், எத்தனை என்று மட்டும் கேட்பாள்.

பிறகு மொபெட்டும் பைக்கும் வந்தன. அரசாங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்ததும் வாடகை சைக்கிள் எடுக்க ஆள் இல்லை. பாய் அதற்கு வருத்தப்படவில்லை, பொம்பளப் பிள்ளைக சொந்த சைக்கிள்ள போவுதுக என்று வாசலில் நின்று பார்ப்பார். மகன்கள் வெளிநாடு போனார்கள். பாய் மவுத்தாகி வருஷங்கள் ஆகிவிட்டன. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பலகைக் கதவு போய் ஷட்டர் வந்துவிட்டது. அந்தச் சாக்பீஸ் கணக்குப் பலகையை யார் எடுத்தார்கள், விறகாகப் போனதா என்று ஒருவரும் சொல்லவில்லை.

அம்மாவின் சைக்கிள் மாட்டுக்கொட்டிலில் சாய்ந்து நிற்கிறது. டயர் வெடித்து நார் தெரிகிறது. போன பொங்கலுக்குப் போனபோது நான் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். கோட்டம் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஆள் கிடைக்குமா என்று விசாரித்தேன். பஞ்சர் ஒட்ட ஆள் இருக்கிறார்கள். கோட்டத்துக்கு உட்கார யாருக்கும் பொழுது இல்லை.

அம்பத்தூர்க் கடைக்கார இளைஞர் என்னை ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. அவர் கடை வாடகையும் வேலை செய்கிற பையன்களின் சம்பளமும் எனக்குத் தெரியாதா? உள்ளே நல்ல ஸ்டாண்டு இருக்கும், சாக்பீஸுக்குப் பதிலாக அளவு காட்டுகிற முள் இருக்கும். சக்கரம் இப்போது நேராகத்தான் ஓடுகிறது. கதவைத் திறந்து, வாங்க, பாருங்க, இந்தக் கம்பி வெடிச்சிருக்கு, மாத்தட்டா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 650க்குப் பதிலாக 700 கொடுத்திருப்பேன். என் மகளையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்திருப்பேன். அவளுக்கு இப்போது 11 வயது. அன்றைக்கு எனக்கு இருந்த வயது.

ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு பால்கனியில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு எண்ணினேன். பின்சக்கரத்தில் 36 கம்பி. மூன்று மட்டும் புதுப் பளபளப்பு. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மூணும்மா."

"எந்தப் பக்கம்?"

பார்த்துச் சொன்னேன். பல்லுப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் ஒன்று.

"சரித்தான். அப்ப பல்லக் கழட்டிருப்பாங்க" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சுண்டிப் பாத்தியா?" என்றாள்.

மகள் என்னவென்று பார்க்க வந்து நின்றாள். அவளிடம் போனைக் கொடுத்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். பல்லுப் பக்கத்தை முதலில் சுண்டினேன். பதினெட்டும் ஒரே மாதிரி வந்தன. திருப்பி வைத்து இந்தப் பக்கத்தைச் சுண்ட ஆரம்பித்தேன். டிங், டிங், டிங். ஏழாவதோ எட்டாவதோ தாண்டியிருப்பேன்.

"நில்லு" என்றது போனுக்குள்ளிருந்து அம்மாவின் குரல். "அதுக்கு முந்துனது. அத இன்னொரு தடவ சுண்டு."